15 விநாடிக்கு முன்னும் பின்னும்: எரிக் கார்னர் கைது – ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூலை 17, வியாழக்கிழமை பிற்பகல். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில், டாம்கின்ஸ்வில் பூங்காவை ஒட்டிய பே தெருவில், அழகுசாதனப் பொருட்கள் விற்கும் ஒரு கடையின் வாசல். வரி கட்டாத சிகரெட்டைச் சில்லறையாக விற்றார் என்று சொல்லி எரிக் கார்னரைப் பிடிக்கச் சாதாரண உடையில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, மருத்துவமனையில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 43. ஆறு பிள்ளைகளின் தகப்பன். முன்பு நகரப் பூங்காத் துறையில் தோட்டக்கலைப் பணி செய்தவர். ஆஸ்துமா உள்ளவர். அவர் கறுப்பினத்தவர்; கழுத்தைப் பிடித்த காவலர் டேனியல் பேண்டலியோ வெள்ளையர்.

நண்பர் ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. அதன்பின் நடந்த வாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றின: அது தடைசெய்யப்பட்ட கழுத்துப்பிடியா, இல்லையா? பிடி நீடித்தது ஏறத்தாழ 15 விநாடி. அதை விசாரிக்க வேண்டியதுதான், தண்டிக்கவும் வேண்டியதுதான். ஆனால் இந்த வழக்கின் ஆவணங்களை வரிசையாக வைத்துப் படித்தால், ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடங்கள் அந்த 15 விநாடிக்கு முன்பும் பின்பும்தான் அதிகம் இருந்தன என்பது தெரிகிறது. விவாதம் அங்கே போதுமான அளவு போகவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் வாதம்.

சில்லறை சிகரெட் எப்படி போலீஸ் வேலையானது

2014இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு வரி 4.35 டாலர். நகர வரி 1.50 டாலர் தனி. ஆக 20 சிகரெட் கொண்ட பாக்கெட்டுக்கு 5.85 டாலர் வரி. போதாக்குறைக்கு அந்த வருடம் மார்ச்சில் ஒரு பாக்கெட்டின் குறைந்தபட்ச விலையை 10.50 டாலர் என்று நகரம் நிர்ணயித்தது. தெற்கே வர்ஜீனியா மாநிலத்தில் அப்போது மாநில வரி 30 சென்ட் மட்டுமே. ஒரு காரின் டிக்கியில் அங்கிருந்து சரக்கு ஏற்றி வந்தால் பாக்கெட்டுக்கு ஐந்தரை டாலர் வித்தியாசம். முழு பாக்கெட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒற்றை சிகரெட்டாக அரை டாலருக்கும் ஒரு டாலருக்கும் விற்க ஆட்கள் தெருமுனைகளில் நின்றார்கள். கார்னர் அவர்களில் ஒருவர்.

புகைப்பழக்கத்தைக் குறைக்க வரியை உயர்த்துவது நல்ல பொதுச் சுகாதாரக் கொள்கை. ஆனால் வரி ஏய்ப்பைத் தெருமுனையில் பிடிக்கும் வேலை, துப்பாக்கி ஏந்திய சீருடைப் படையின் கையில் வந்து விழுந்தது. அந்த வருடம் ஜனவரியில் மீண்டும் ஆணையராகப் பதவியேற்ற வில்லியம் பிராட்டன், சிறு குற்றங்களைத் தொடர்ந்து பிடித்தால் பெரும் குற்றங்கள் குறையும் என்ற ‘உடைந்த ஜன்னல்’ கொள்கையை 1990களிலேயே நியூயார்க்கில் நடைமுறைப்படுத்தியவர். 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கருத்து அது. டாம்கின்ஸ்வில் பூங்காவைச் சுற்றியிருந்த கடைக்காரர்களும் புகார் கொடுத்திருந்தார்கள். அந்தப் புகார்களை இட்டுக்கட்டியவை என்று ஒதுக்க முடியாது. கடை வாசலில் கூட்டம் நின்றால் வியாபாரம் கெடும்தான். கேள்வி, அந்தப் புகாருக்கு யாரை அனுப்புவது, என்ன செய்யச் சொல்லி அனுப்புவது என்பது.

அன்று அந்த வழியாகக் காரில் போன 120ஆவது காவல் சரகத்தின் லெப்டினன்ட் ஒருவர், பூங்கா அருகே கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பச் சொன்னார். ஜஸ்டின் டமிகோவும் பேண்டலியோவும் வந்தது அந்த உத்தரவின்பேரில்தான்.

கைது என்ற முடிவு

இரண்டு வாரத்துக்கு முன்பும் டமிகோ இதே கார்னரை இதே விஷயத்துக்காக நிறுத்தியிருந்தார். அப்போது எச்சரித்து அனுப்பிவிட்டார். பின்னாளில் விசாரணையில் அவரே இதைச் சொன்னார். ஆக, கைது செய்தே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. காவலரின் விருப்புரிமைக்கு உட்பட்ட காரியம் அது. ஜூலை 17 அன்று அந்த விருப்புரிமை கைது பக்கம் சாய்ந்தது.

அவரிடம் இருந்தது ஐந்து பாக்கெட் சிகரெட். நூறு சிகரெட்டுக்கும் குறைவு. ஆனால் சம்பவத்துக்குப் பிறகு டமிகோ நிரப்பிய கைது ஆவணத்தில் எழுதியது, பத்தாயிரம் சிகரெட்டோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும் பெருங்குற்றப் பிரிவு. பேண்டலியோ மீது 2019இல் நடந்த துறை விசாரணையில் குறுக்குக் கேள்வி கேட்டபோது அது தவறு என்று ஒப்புக்கொண்டார். இறந்துபோன ஒருவர் மீது, உண்மையில் செய்யாத பெருங்குற்றம் காகிதத்தில் ஏறியது. இப்படிப்பட்ட வழக்குகளை ஆராய்பவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் இதுதான்: சம்பவத்துக்கு முன் காவலருக்குத் தெரிந்திருந்த குற்றம் எது, சம்பவத்துக்குப் பின் எழுதப்பட்ட குற்றம் எது. இரண்டுக்கும் இடைவெளி இருந்தால், பலப்பிரயோகத்தை நியாயப்படுத்தப் பின்னால் செய்த வேலை நடந்திருக்கிறதா என்று கேட்கலாம்.

நடைபாதையில்

காணொளியின் முதல் பகுதியைப் பலர் பார்க்கவே இல்லை. அதில் அடிதடி இல்லை, பேச்சுதான். கார்னர் கைகளை விரித்து, குரலை உயர்த்தி வாதாடுகிறார். சற்று முன் அங்கே நடந்த ஒரு சண்டையை அவர்தான் விலக்கிவிட்டார் என்று சுற்றி நின்றவர்கள் சொல்கிறார்கள். “என்னை எப்போ பார்த்தாலும் வந்து தொந்தரவு பண்றீங்க. அலுத்துப்போச்சு. இது இன்னையோட நிக்கணும்,” என்கிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஓடவில்லை. கையில் ஆயுதம் இல்லை. மறுப்பது உண்மை: வர மாட்டேன் என்கிறார், கையைப் பிடிக்க வந்தபோது விலக்கிக்கொள்கிறார், “தயவுசெஞ்சு என்னைத் தொடாதீங்க” என்கிறார்.

பேச்சு பல நிமிடம் நீண்டது. துணைக்குக் காவலர்கள் வரத் தொடங்கியதும் கை வைத்தார்கள். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கூடுதல் ஆள் வருவது இரண்டு விதமாகப் பயன்படும். மூத்த அதிகாரி ஒருவர் பொறுப்பேற்று, பேசுபவரை மாற்றி, நேரத்தை நீட்டிக்கலாம்; அல்லது ஆள் பலம் சேர்ந்துவிட்டது என்று உடனே பிடிக்கலாம். அங்கே நடந்தது இரண்டாவது. அவசரம் எதுவும் இல்லை. பட்டப்பகல், பெயரும் முகமும் ஏற்கெனவே தெரிந்த ஆள், பல முறை கைதாகி நீதிமன்றத்தில் நின்றவர். அன்று விட்டுவிட்டாலும் மறுநாள் அதே முனையில் கிடைத்திருப்பார்.

பேண்டலியோ பின்னாலிருந்து வந்தார். ஒரு கை கார்னரின் அக்குள் வழியாக, மற்றொரு கை கழுத்தைச் சுற்றி. ஆறடி இரண்டு அங்குல உயரமும் ஏறத்தாழ 180 கிலோ எடையும் உள்ள மனிதர் பின்னோக்கிச் சாய, இருவரும் கடையின் பெரிய கண்ணாடி ஜன்னலில் மோதினார்கள். கண்ணாடி நெளிந்தது, உடையவில்லை. பிறகு இருவரும் தரையில் விழுந்தார்கள். கழுத்தைச் சுற்றிய கை விழுந்த பிறகும் சில விநாடி விலகவில்லை. மற்ற காவலர்கள் மேலே கவிந்தார்கள். கையை எடுத்த பேண்டலியோ, கார்னரின் தலையை இரு கைகளாலும் நடைபாதையில் அழுத்தினார். “என்னால மூச்சு விட முடியல” என்று கார்னர் 11 முறை சொன்னது இந்தக் கட்டத்தில்தான்.

பயிற்சியில் கற்றுத்தரும் ‘சீட் பெல்ட்’ பிடியில் ஒரு கை தோளுக்கு மேலாகவும் மறு கை அக்குளுக்குக் கீழாகவும் மார்பின் குறுக்கே வந்து பூட்டிக்கொள்ளும். காரின் சீட் பெல்ட் உடலில் படியும் கோணம் அது. தன் கட்சிக்காரர் செய்ய முயன்றது இதைத்தான் என்பது பேண்டலியோவின் வழக்கறிஞர் வாதம். பிடிக்கப்படுபவர் பிடிப்பவரைவிட உயரமாகவும் பருமனாகவும் இருந்து, உடலும் அசைந்தால், தோளின் மேல் இருக்க வேண்டிய முன்கை கழுத்துக்கு நழுவும். ஆகவே நழுவியதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. நழுவியது தெரிந்த பிறகு எத்தனை விநாடி விடாமல் வைத்திருந்தார் என்பதில்தான் குற்றம் நிற்கிறது. துறை விசாரணையும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

மூச்சு நின்ற விதம்

2014 ஆகஸ்ட் 1 அன்று நகர மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் காரணத்தை அறிவித்தது: கழுத்து அழுத்தப்பட்டது, மார்பு அழுத்தப்பட்டது, கட்டுப்படுத்தும்போது குப்புறக் கிடத்தப்பட்டது. துணைக் காரணங்கள்: ஆஸ்துமா, உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம் சார்ந்த இதய நோய். இறப்பின் வகை, பிறர் செயலால் நேர்ந்த மரணம். இந்த வகைப்பாடு மருத்துவ மொழி. சட்டப்படி குற்றவாளி யார் என்பதை அது சொல்லாது. அன்றைய செய்திகளில் இதை ‘கொலைத் தீர்ப்பு’ என்று பலர் எழுதியதால் குழப்பம் மிகுந்தது.

அறிவிப்பில் மூன்று காரணங்கள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். கழுத்துக்குப் போன கவனத்தில் பாதிகூட மற்ற இரண்டுக்குப் போகவில்லை. பிரேதப் பரிசோதனையில் கழுத்துத் தசைகளுக்குள் இரத்தக்கசிவு தெரிந்தது. மூச்சுக்குழலும் நாவடி எலும்பும் உடையவில்லை. எலும்பு உடையாததால் கழுத்துப்பிடியே இல்லை என்று காவலர் சங்கம் வாதிட்டது. மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. முன்கையால் பரவலாக அழுத்தும்போது எலும்பு உடையாமலே இரத்த ஓட்டமும் காற்றும் தடைப்படும். அந்தப் பிடி சாவை நோக்கிய ஒரு தொடரைத் தொடங்கிவைத்தது என்பது பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் 2019இல் கொடுத்த சாட்சியத்தின் சாரம்.

அந்தத் தொடர் எப்படி நகரும் என்பதை அறிந்தால்தான் மற்ற இரண்டு காரணங்கள் புரியும். போராட்டத்தில் தசைகள் கடுமையாக உழைக்கின்றன. இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. அதைச் சரிக்கட்ட உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும். சரியாக அந்த நேரத்தில் ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் எடையை ஏற்றினால் விலா எலும்புகள் விரிய இடமில்லை. பருமனான உடலில் வயிறு மேல்நோக்கித் தள்ளி உதரவிதானத்தையும் இறங்கவிடாது. ஆஸ்துமா இருந்தால் குழாய்கள் சுருங்குவது வேறு. மூச்சு கிடைக்காத மனிதர் நெளிவார், எழ முயல்வார். மேலே இருப்பவர் அதைத் திமிறல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்துவார். பல காவல் மரணங்களில் இந்தச் சுற்றுதான் உயிரைக் குடிக்கிறது.

பேச முடிந்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம் என்ற வாதமும் 2014 டிசம்பரில் உரக்க ஒலித்தது. இன்றும் பல ஊர்களில் காவலர்கள் இதை நம்புகிறார்கள். இது தவறு, ஆபத்தான தவறு. ஓய்வில் ஒரு மூச்சில் வளர்ந்த ஒருவர் உள்ளிழுப்பது ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே தங்கிவிடும், இரத்தத்தோடு கலக்காது. குரல் எழுப்ப, குரல்நாண் வழியாகச் சிறிதளவு காற்று வெளியேறினாலே போதும். அந்த அளவு, உயிரைத் தாங்கும் அளவுக்கு மிகக் கீழே. சின்னச் சின்ன மூச்சுகளாக எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொல் பேசிக்கொண்டே ஒருவர் சாவை நோக்கிப் போக முடியும். கார்னரின் 11 வாக்கியங்களும் குட்டையாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்ததைக் காணொளியில் கேட்கலாம்.

ஆஸ்துமாவும் பருமனும் இல்லாவிட்டால் பிழைத்திருப்பார் என்று காங்கிரஸ் உறுப்பினர் பீட்டர் கிங் சொன்னார். இருக்கலாம். ஆனால் சட்டம் காயப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே எடுத்துக்கொள்கிறது. பருமன் கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சு முடியவில்லை என்பதை அவரே வாய்விட்டுச் சொன்னார்.

அசைவற்ற ஏழு நிமிடம்

1995இலேயே அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவனம் உடல் கிடத்தப்படும் நிலையால் ஏற்படும் மூச்சுத்திணறல் மரணம் பற்றிக் காவல் துறைகளுக்குக் குறிப்பு அனுப்பியது. விலங்கு மாட்டியதும் ஆளைக் குப்புற நிலையிலிருந்து புரட்டு, ஆஸ்துமா, இதய நோய், போதைப்பொருள் பற்றிக் கேள், தொடர்ந்து கவனி, கோளாறு தெரிந்தால் உடனே மருத்துவ உதவி. இதில் வேதனையான விஷயம், அந்தக் குறிப்பில் நியூயார்க் காவல்துறையின் வழிகாட்டுதல்களே எடுத்தாளப்பட்டிருந்தன. அந்தத் துறையின் ரோந்துக் கையேடும் மார்பிலோ முதுகிலோ உட்காருவதையும் மண்டியிடுவதையும் தவிர்க்கச் சொன்னது.

விலங்கு மாட்டிய பிறகு கார்னர் பதில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்து ஏறத்தாழ ஏழு நிமிடம் நடைபாதையில் கிடந்தார். காவலர் யாரும் உயிர்மீட்பு முதலுதவி செய்யவில்லை. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர்கள் சொன்ன காரணம். வந்த அவசர மருத்துவப் பணியாளர் நாடியைத் தொட்டுப் பார்த்தார், அவரோடு பேச முயன்றார், ஆக்ஸிஜன் கொடுக்கவில்லை. அந்தக் குழுவின் நான்கு பேர் பின்னர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் இதயம் நின்றது.

கார்னருக்கு நாடி இல்லை, பிழைப்பது அரிது என்று சார்ஜென்ட் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பியபோது, பூங்காவுக்கு ஆள் அனுப்பச் சொன்ன அதே லெப்டினன்ட் திருப்பி அனுப்பிய பதில் 2019இல் வாசிக்கப்பட்டது: பெரிய விஷயமில்லை, நாம் சட்டப்படியான கைதுதான் செய்துகொண்டிருந்தோம். தன் காவலரைத் தேற்றவே அப்படி எழுதியதாக அவர் விளக்கினார். விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், அந்த வாக்கியம் காட்டும் சிந்தனைமுறை முக்கியமானது. கைது சட்டப்படியானது என்றால் அதன்பின் நடப்பதெல்லாம் சட்டப்படியானது என்ற நம்பிக்கை அது. துறைக்குள் எழுதப்பட்ட முதல் அறிக்கையிலும் கழுத்தில் கை பட்டது பற்றிப் பேச்சே இல்லை. காணொளி இல்லாமல் இருந்திருந்தால் வழக்கு அந்த அறிக்கையோடு மூடப்பட்டிருக்கும்.

21 வருடத் தடை

கழுத்துப்பிடியை நியூயார்க் காவல்துறை 1993இல் தடைசெய்தது. மூச்சைத் தடுக்கக்கூடிய எந்த அழுத்தமும் தொண்டையிலோ மூச்சுக்குழலிலோ கூடாது என்பது விதி. அடுத்த வருடம் டிசம்பரில் பிராங்க்ஸில் அந்தோணி பையஸ் என்ற 29 வயது இளைஞர் காவலர் ஒருவரின் கழுத்துப்பிடியில் இறந்தார். சகோதரர்களோடு விளையாடிய பந்து போலீஸ் காரில் பட்டதில் தொடங்கிய தகராறு அது. பிரான்சிஸ் லிவோட்டி என்ற அந்தக் காவலர் மாநில நீதிமன்றத்தில் விடுதலையாகி, துறையால் நீக்கப்பட்டு, 1998இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் சிவில் உரிமை மீறலுக்குத் தண்டிக்கப்பட்டார்.

தடை காகிதத்தில் இருந்தது, நடைமுறையில் கரைந்தது. எப்படி என்பதைப் பொதுமக்கள் புகார் மறுஆய்வு வாரியம் 2014 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை காட்டுகிறது. 2009 தொடக்கம் முதல் 2014 ஜூன் வரை கழுத்துப்பிடி பற்றி வந்த குற்றச்சாட்டுகள் 1,128. நிரூபிக்கப்பட்டதாக வாரியம் ஏற்றவை 10. பெரும்பாலானவற்றில் ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல், காணொளி கிடையாது. அதோடு இன்னொன்றும் நடந்தது. மூச்சைத் ‘தடுக்கக்கூடிய’ அழுத்தம் என்றுதான் விதியில் இருக்கிறது. நாளடைவில் விசாரணையாளர்களும் துறையும் மூச்சு உண்மையில் தடைப்பட்டதா என்று நிரூபணம் கேட்கத் தொடங்கினார்கள். விதியின் ஒரு சொல் மாறாமலே விதி பாதியாகச் சுருங்கியது. நிரூபணமான வழக்குகளை 2015 ஜனவரியில் ஆராய்ந்த காவல்துறைத் தலைமை ஆய்வாளர் அலுவலகம், வாரியம் கடும் நடவடிக்கை பரிந்துரைத்தபோதும் துறை அதைவிடக் குறைந்த தண்டனையோடு முடித்தோ, தண்டனையே இல்லாமல் விட்டோ வந்ததைப் பதிவு செய்தது. தெருவில் நிற்கும் காவலர் இதிலிருந்து என்ன பாடம் படித்திருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே காணொளி, வெவ்வேறு அளவுகோல்

ஸ்டேட்டன் தீவு மாவட்ட வழக்கறிஞர் டேனியல் டோனவன், குற்றச்சாட்டு பதிவதா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் வழக்கைக் கொண்டுபோனார். ஒன்பது வாரம், 50 சாட்சிகள், 60 சான்றுப்பொருட்கள். 2014 டிசம்பர் 3 அன்று குற்றச்சாட்டு பதிவதில்லை என்று முடிவு வந்தது. உள்ளே என்ன கேள்வி கேட்டார்கள், என்ன சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இரகசியம்; நடவடிக்கைக் குறிப்புகளை வெளியிடக் கேட்ட மனுவும் தள்ளுபடியானது. நியாயமான முடிவாகவே இருந்தாலும், காரணம் தெரியாத முடிவை மக்கள் நம்ப மாட்டார்கள். அன்றிரவு முதல் நகரத் தெருக்கள் நிறைந்தன. கார்னரின் கடைசிச் சொற்களே முழக்கமாயின.

கூட்டாட்சி வழக்குக்கு அளவுகோல் இன்னும் உயரம்: உரிமையை ‘வேண்டுமென்றே’ பறித்தார் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அஜாக்கிரதையோ தவறான கணிப்போ போதாது. ஐந்து வருட காலவரம்பு முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2019 ஜூலை 16 அன்று, வழக்கு இல்லை என்று அமெரிக்க நீதித்துறை அதிகாரிகள் அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று: கார்னர் மூச்சு முடியவில்லை என்று சொன்ன நேரத்தில் பேண்டலியோவின் கை கழுத்தில் இல்லை. உண்மைதான். கழுத்தை மட்டும் பார்க்கும் சட்டத்துக்கு அது விடுதலைக்கான காரணம். மூன்று காரணங்களையும் பார்க்கும் மருத்துவத்துக்கு, ஆபத்து அந்த நொடியில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

துறை விசாரணை 2019 மே மாதம் தொடங்கியது. விசாரித்த துணை ஆணையர் ரோஸ்மேரி மால்டொனாடோவின் தீர்ப்பு இந்தத் தொடரிலேயே நுணுக்கமானது. கண்ணாடி ஜன்னல் அருகே, இருவரும் உள்ளே விழும் அபாயம் இருந்த நொடிகளில் கை கழுத்துக்குப் போனதை அவர் பொறுத்துக்கொண்டார். தரையில் விழுந்த பிறகு அந்த அபாயம் போய்விட்டது; துணைக் காவலர்கள் வந்துவிட்டார்கள்; அப்போதும் விடாததுதான் அவர் கண்ட குற்றம். வேண்டுமென்றே மூச்சை நெரித்ததாகச் சொன்ன குற்றச்சாட்டு நிற்கவில்லை. விளைவைப் பொருட்படுத்தாத தாக்குதல் நிரூபணமானது. ஆணையர் ஜேம்ஸ் ஓ’நீல் ஆகஸ்ட் 19 அன்று பணிநீக்கம் செய்தார். ஐந்து வருடமும் ஒரு மாதமும் கழித்து. அங்கே முதலில் வந்த மேற்பார்வை அதிகாரியான சார்ஜென்ட்டுக்கு 20 விடுமுறை நாள் பறிபோனது. மற்ற யார் மீதும் தண்டனை இல்லை, பொய்யான பிரிவை எழுதியவர் உட்பட.

நகரம் 2015 ஜூலையில் குடும்பத்துக்கு 59 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்திருந்தது. பணம் நகரக் கருவூலத்திலிருந்து போனது. காவல்துறையின் எந்தப் பிரிவின் வேலைமுறையும் அதனால் மாற வேண்டியிருக்கவில்லை.

மாறியது, மாறாதது

துறை முதலில் கையாண்ட வழி பயிற்சி. ரோந்துக் காவலர்களுக்கு மூன்று நாள் மறுபயிற்சி. 2016இல் புதிய பலப்பிரயோக விதி வந்தது. ஒவ்வொரு பலப்பிரயோகத்துக்கும் தனிப் படிவம் கட்டாயமானது. அடுத்த சில வருடங்களில் உடல் கேமரா ரோந்துக் காவலர் எல்லோருக்கும் வந்தது. சட்டம் மாற ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 ஜூன் 12 அன்று கார்னர் பெயரிலான மாநிலச் சட்டம் கையெழுத்தானது: கழுத்துப்பிடியால் கடும் காயமோ மரணமோ ஏற்படுத்தும் காவலருக்கு 15 வருடம் வரை சிறை. காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மூடிவைத்திருந்த 50-ஏ பிரிவும் அன்றே நீங்கியது. பேண்டலியோ மீது முன்பே புகார்கள் நிரூபணமாகியிருந்தது 2017இல் ஆவணம் கசிந்ததால்தான் வெளியே தெரிந்தது. காவலில் இருப்பவர் கேட்டால் மருத்துவ உதவி தர வேண்டும் என்ற சட்டமும் அந்த மாதமே வந்தது.

இந்த ஆய்வின் பார்வையில் நகரச் சட்டம்தான் முக்கியம். 2020 ஜூலையில் வந்த அது, கழுத்தோடு நிற்காமல், உதரவிதானத்தை அழுத்தும்படி முதுகிலோ மார்பிலோ உட்காருவதையும் மண்டியிடுவதையும் நிற்பதையும் குற்றமாக்கியது. மருத்துவ அறிக்கையின் இரண்டாவது, மூன்றாவது வரிகளை ஒரு சட்டம் முதன்முறையாகத் தொட்டது. உதரவிதானம் அழுந்துகிறதா என்று காவலருக்கு எப்படித் தெரியும், வாசகம் தெளிவில்லை என்று சங்கங்கள் வழக்குப் போட்டன. 2021இல் கீழ் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மேல்முறையீட்டில் உயிர்பெற்றது. 2023 நவம்பரில் மாநிலத்தின் உச்ச நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. சங்கங்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் பயிற்சியில் இருக்கிறது: எடையை முதுகில் போடாமல் தோள்பட்டையிலும் தொடையிலும் பகிர்ந்து போடுவது, விலங்கு பூட்டிய உடனே பக்கவாட்டில் புரட்டுவது, சூழ்ந்து நிற்பவர்களில் ஒருவரை மூச்சைக் கவனிப்பதற்கென்றே நிறுத்துவது.

கைது என்ற முடிவைத் தொட்ட மாற்றம் ஒன்றே ஒன்று. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைத் திருத்தம், பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு ஆளை அடைத்து வைக்காமல் நீதிமன்றத்தில் ஆஜராகும் சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சீட்டு நியூயார்க்கில் வழக்கமாகக் காவல் நிலையத்தில் கைரேகை எடுத்த பிறகு தரப்படுவது. அதாவது நடைபாதையிலிருந்து நிலையம் வரை விலங்கு போட்டுக் கொண்டுபோவது அப்படியே இருக்கிறது. கார்னர் இறந்தது அந்தத் தூரத்தில்தான்.

2021 இலையுதிர் காலத்தில், கார்னரின் தாய் க்வென் காரும் மற்றவர்களும் போட்ட மனுவின்பேரில், நகரச் சாசனத்தின் 1109ஆவது பிரிவின்கீழ் நீதிபதி எரிகா எட்வர்ட்ஸ் முன் விசாரணை நடந்தது. ஏன் நிறுத்தினார்கள், ஏன் கைது செய்ய முடிவெடுத்தார்கள், ஆவணத்தில் என்ன எழுதினார்கள், ஏன் மருத்துவ உதவி செய்யவில்லை என்ற கேள்விகளை அங்கேதான் ஒரு மன்றம் வெளிப்படையாக எடுத்துக்கொண்டது. பதிவு உருவாக்குவது மட்டுமே அந்தப் பிரிவின் அதிகாரம். தண்டிக்கவோ உத்தரவிடவோ முடியாது. மேயரும் பேண்டலியோவும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கப்படவில்லை.

அந்தப் பதிவைப் படிக்கும் எந்தக் காவல்துறையும் ஓர் உத்தரவுத் தாளை இப்போதே எழுதலாம். சிறு குற்றப் புகாருக்கு ஆள் அனுப்பும் மேலதிகாரி அதில் மூன்று விஷயத்தைப் புறப்படும் முன் நிரப்ப வேண்டும்: எந்தப் பிரிவு, அதற்குத் தெருவிலேயே சம்மன் போதுமா; ஆள் வர மறுத்தால் பிடிப்பதா, பெயரைக் குறித்துக்கொண்டு விலகுவதா; துணைப்படை வந்ததும் யார் பொறுப்பு, பிடிக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டுமா. பே தெருவுக்குக் காவலர்கள் புறப்பட்டபோது இம்மூன்றும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.